சீரம் வரும்வரை

ஞானரட்ணம் எழுந்தான். போர்வையை மடித்தான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலை ஏற்றினான். தண்ணீர் கொதிக்கும்வரை வெளியே நின்று பல் விளக்கினான். தேத்தண்ணீரைச் சீனி இல்லாமல் குடித்தான். சீனி தீர்ந்து கொஞ்ச நாளாகிறது. வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டு முயல் கொட்டகைக்கு நடந்தான்.

அந்த இடம் நானுஓயா ஸ்டேஷனுக்கு மேலே, மேட்டில் இருந்தது. ஒரு காலத்தில் விதை உருளைக்கிழங்கு அடுக்கிய களஞ்சியம். கீழே வெக்கையில் முயல்கள் செத்துப்போகின்றன என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதை எடுத்துக் கூண்டு அடித்தார்கள். ஒரு மூலையில் சுவர் எழுப்பிச் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடமும் வைத்தார்கள். பேராசிரியர் எப்போதாவது கண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஞானரட்ணமும் பழனியாண்டியும்தான். பழனியாண்டியின் வேலை கூண்டு கழுவுவது, புல் வெட்டிப் போடுவது, பேசுவது.

கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தண்ணீர் மாற்றினான். செத்தது எதுவுமில்லை. குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தான். பிறகு ஒரு முயலைத் துணியில் சுற்றி மேசையில் வைத்தான். பழனியாண்டி அதன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். காதின் ஓரத்தில் மயிரைச் சிரைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றினான். நரம்பு தடித்தது. ஊசி போனதும் ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் சொட்டியது.

"ஐயா, ஒரே ஒரு சொட்டு இங்கிட்டுத் தள்ளுங்க," என்றான் பழனியாண்டி. "தேங்கா எண்ணெயில போட்டுக் காய்ச்சித் தேச்சா, மசிரு காடா வளருமாம்ல."

இது தினமும் நடக்கும். முன்பெல்லாம் ஞானரட்ணம், ஒனக்கு இனிமே வளர்ந்து யாரு பார்க்கப் போறா என்பான். இப்போது பேசாமல் இருந்தான்.

"ஆமா, வளர்ந்துதான் எவ பார்க்கப் போறா," என்று அந்தப் பதிலையும் பழனியாண்டியே சொல்லிக்கொண்டான்.

ரத்தத்தை அசையாமல் வைத்தால் உறைந்து கீழே சுருங்கும். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் சீரம். அவர்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ஒன்று.

வைரஸ் உடம்பின் ஒரு கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், புகுந்துவிட்டால், அந்தக் கலம் சாவதற்கு முன் அக்கம்பக்கத்துக் கலங்களுக்குச் சொல்லி அனுப்பும். வந்துவிட்டது, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் புரதத்துக்கு இன்டர்ஃபெரோன் என்று பெயர். மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இன்டர்ஃபெரோன் வெளிநாட்டிலிருந்து ஐஸில் புதைந்து வரும். அதை முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். முயலின் உடம்பு அதை அந்நியம் என்று கண்டு, பிடித்து முடக்கப் பிறபொருளெதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கும். மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். எல்லா முயலும் செய்துவிடாது. அந்தக் கொட்டகையிலேயே ஒரே ஒரு முயல்தான், ஒரு கிழட்டுச் சாம்பல் முயல், உருப்படியாகச் செய்தது. கடைசியில் வழக்கப்படி அதன் ரத்தம் முழுவதையும் எடுத்தாயிற்று. அதன் சீரம் ஒரு வரிசைச் சின்னப் புட்டிகளில் இருந்தது. இரண்டு வருட வேலையில் மிஞ்சியது அந்தப் புட்டிகள்தான்.

அது மருந்தில்லை. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் கலங்கள் அந்தச் செய்தியை அனுப்பினவா என்று கண்டுபிடிக்க உதவும் சாமான். அல்லது செய்தியை வேண்டுமென்றே தடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க உதவும். சீரம் நல்லதா என்று சோதிப்பதும் அப்படித்தான். கலங்களோடு இன்டர்ஃபெரோனையும் சீரத்தையும் சேர்த்துவிட்டு வைரஸை விடுவார்கள். மறுநாள் தட்டில் எல்லாம் செத்துக் கிடந்தால் சீரம் நல்ல சீரம்.

மறுநாள் பேராசிரியர் வந்து புட்டிகளைக் கண்டிக்கு எடுத்துப் போவதாக இருந்தது. உறைந்திருந்தவற்றை எடுத்து, மெதுவாக இளகட்டும் என்று கீழ்த்தட்டில் வைத்தான். கதவைச் சாத்தினான்.

அந்தச் சீரத்தைப் பற்றி அவன் முழுதாக விளக்கிச் சொன்னது ஒரே ஒருத்திக்குத்தான். அவன் மனைவி சுகிர்தத்துக்கு. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதுங்களைக் குத்திக் குத்தி என்னத்தத்தான் எடுக்கிறீங்க என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"அப்ப இது மருந்தில்ல. வாயப் பொத்துற சாமான்," என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். பேராசிரியருக்குக்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

மற்றவர்களுக்கு அவன் விளக்கவில்லை. கல்யாண விருந்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் அவள் வீட்டார் இருந்த தேயிலைத் தோட்டத்தில், டிஸ்பென்சரிக்காரர் செல்லசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் எல்லோரும் அவரை டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். முயலில் சீரம் செய்கிறோம், வைரஸ் நோய் ஆராய்ச்சிக்கு என்றான் ஞானரட்ணம். செல்லசாமி வாழ்நாளில் பார்த்த சீரங்கள் இரண்டு. ஒன்று ஆணி குத்தி வரும் ஏர்ப்புவலிக்கு, மற்றது பாம்புக்கடிக்கு. இரண்டுமே சாகக் கிடந்தவர்களை எழுப்பி உட்காரவைத்தவை. மனுஷர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். எதிரே பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் அந்தோனியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அவன் மருந்து செய்கிற மாப்பிள்ளை. வாயில் சோறு இருந்தது. திருத்தவில்லை. பிறகும் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள் சுகிர்தம். அந்த மழைக்கு லயத்தார் குடிக்கும் பீலிக் குழாய்த் தண்ணீரில் கக்கூஸ் தண்ணீர் கலந்து, வரிசையாகப் பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மற்றவர்கள் தேறினார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வேறு மாதிரி வரும். ஒரு காலை அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். செல்லசாமி ஓடிப்போய், நுவரெலியாவுக்குப் புறப்பட நின்ற தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிவரை இடம் கேட்டு நிறுத்தினார். இரண்டு கம்புகளில் சாக்குக் கட்டி அவளைத் தூக்க ஆட்களும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"அந்தோனியம்மா, ஒங்க மருமகன்கிட்டதான் சீரம் இருக்கே? வைரசுக்குன்னுதானே சொன்னாரு. அது வந்தா இங்கயே போட்டுறலாம்."

பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். சீரம் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொல்லி. அந்தோனியம்மா லொறிக்கு முன்னால் போய் நின்று கையைக் காட்டினாள்.

"நீங்க போங்கப்பா. இந்தக் குலுக்கல்ல புள்ளத்தாச்சிய ஏத்த வேணாம். எங்க மாப்ள சீரத்தோட வாறாரு."

லொறி போய்விட்டது.

கண்டக்டர் சொன்னதில் ஞானரட்ணத்தின் காதில் விழுந்தது காமாலை என்பது மட்டும்தான். சீரம் என்றதை ஏதோ பதற்றத்தில் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டான். மத்தியானம் வெறுங்கையோடு போய் நின்றான். லொறி சாயங்காலம் திரும்பி வந்தபிறகு அதிலேயே ஏற்றினார்கள். லிந்துலை தாண்டுமுன் எல்லாம் முடிந்தது.

"ஏங்க மாப்ள, கொண்டு வரல?" என்று அன்று மத்தியானம் அந்தோனியம்மா கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அடக்கத்தின்போது, "ஏன் கொண்டு வரல?" என்று கேட்டாள். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனபோது, கோவில் வாசலில் எல்லோர் முன்னாலும், "ஏன்டா கொண்டு வரல?" என்றாள். அதன்பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. அரசாங்கச் சாமானைத் தொட்டால் உத்தியோகம் போய்விடும் என்று பயந்து பெண்டாட்டியைச் சாகவிட்டவன் என்று லயம் முழுக்கப் பேச்சு.

அது மருந்தில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி அவன்மேலிருந்து இறங்கிவிடும். இறங்கி எங்கே போய் ஏறும் என்பதும் அவனுக்குத் தெரியும். அது மருந்தில்லை என்றால், அந்தோனியம்மாவுக்கு அடுத்து வரும் நினைப்பு அந்த லொறிதான்.

பத்து மணிவாக்கில் கீழே பாதையில் ஒரு வான் திணறிக்கொண்டு ஏறி வந்தது. வாடகை வான். முன்னால் கஸ்பர் இருந்தான், சுகிர்தத்தின் தங்கை மார்கிரட்டைக் கட்டியவன். பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கியது அந்தோனியம்மா.

"ஒன்னையப் பார்க்க வரல," என்றாள். "மருந்துக்கு வந்தேன்."

ஞானரட்ணம் அவளைத் தாண்டி வானுக்குள் பார்த்தான். மார்கிரட் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தாள். வயிறு தெரிந்தது. கண்வெள்ளை மஞ்சளாயிருந்தது.

"அத்தான், எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "வாந்திதான் நிக்க மாட்டேங்குது. அம்மாதான் ஊரக் கூட்டுது."

"எத்தனை நாளா?"

"கண்ணு நேத்துத்தான் மஞ்சளாச்சு," என்றான் கஸ்பர். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருவம்னுதாண்ணே நான் சொன்னேன். அத்தை கேக்க மாட்டேங்குது."

"கஸ்பர் சொல்றதுதான் சரி. இப்படியே மேல ஏறுங்க. அரை மணியில நுவரெலியா."

"ஒருத்திய லொறியில ஏத்துனேன். பொணமா எறக்குனாங்க," என்றாள் அந்தோனியம்மா. "இவள ஏத்த மாட்டேன். நீ ஊசியப் போடு. போட்டதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஒன் மூஞ்சில முழிக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். காலை நீட்டி, நிலையில் முதுகைச் சாய்த்து. எழுப்ப முடியாது என்று தெரிந்தது. பொகவந்தலாவையில் சம்பளப் போராட்டத்தின்போது பொலிஸ் வந்தும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்று சுகிர்தம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பழனியாண்டி புல்லுக் கட்டோடு வந்து நின்றான்.

"என்னா ஆத்தா, ஊசியா? எந்த ஊசி?"

"முயல் சீரம். இங்கதானய்யா செய்றீங்க."

"அதயா கேக்குது?" பழனியாண்டி சிரித்துவிட்டான். "ஐயோ ஆத்தா, அது வந்து—"

"பழனியாண்டி, புல்லு வெட்டிட்டு வா," என்றான் ஞானரட்ணம்.

"இந்தா, வெட்டிட்டுத்தானே வாறேன்."

"இன்னுங் கொஞ்சம் வெட்டிட்டு வா."

பழனியாண்டி அவன் முகத்தைப் பார்த்தான். கட்டைப் போட்டுவிட்டுக் கத்தியோடு போய்விட்டான்.

ஞானரட்ணம் நின்றபடி யோசித்தான். வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றிப் போட்டுவிடலாம். போட்டால் இவள் மார்கிரட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, மருந்து வேலை செய்யும் என்று காத்திருப்பாள். போனமுறை மாதிரியே. ஒரு புட்டியைக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரியில் போடுவார்கள் என்று அனுப்பலாம். அங்கே டாக்டர் ஒட்டியிருப்பதைப் படிப்பார். இதென்ன சாமான், இதை யார் மனுஷருக்குப் போடுவது என்பார். சிங்களத்தில் சொன்னாலும் யாராவது தமிழில் சொல்லிவிடுவார்கள். அதோடு, கெடாமலிருக்க அதில் கலந்திருந்த ரசாயன உப்பு உடம்புக்கு நஞ்சு. தரவில்லை என்று மட்டும் சொன்னால் இவள் இருட்டும்வரை இந்தப் படியில் இருப்பாள். வான் கீழே நிற்கும்.

"அத்தை," என்றான். "சீரம் கெட்டுப்போச்சு."

அவள் திரும்பவில்லை.

"கரண்ட் போயிருச்சு. பெட்டி சூடாகி எல்லாமே கெட்டுப்போச்சு. இனி ஆஸ்பத்திரிதான்."

"காட்டு."

அவன் குளிர்ப்பெட்டியைத் திறந்தான். அந்தோனியம்மா எழுந்து உள்ளே வந்தாள். கீழ்த்தட்டில் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. தேன் கணக்கா இருக்கு."

"கெட்டாலும் அப்பிடித்தான் இருக்கும்."

"எம் பெரிய மகளுக்கு வேணும்னு ஆளனுப்புனப்ப இது நல்லா இருந்துச்சுல்ல?"

அவன் புட்டியை வாங்கக் கை நீட்டினான்.

"அப்ப தரல. பூட்டி வச்ச. வச்சு வச்சுக் கெடவிட்ட." புட்டியை மடியில் செருகிக்கொண்டாள். "பரவாயில்ல. பாதி கெட்டிருந்தா பாதி நல்லாத்தான் இருக்கும். செல்லசாமி அய்யா போட்டுவிடுவாரு."

ஞானரட்ணம் அவள் மடியிலிருந்து புட்டியைப் பிடுங்கினான். மாமியாரின் சேலையில் கை வைக்க நேரும் என்று அவன் நினைத்ததில்லை. ரப்பர் மூடியைக் கழற்றி, கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தான். குழாயைத் திறந்துவிட்டான். அடுத்ததை எடுத்தான். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தான். அந்தோனியம்மா ஒரு நிமிடம் என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றாள். பிறகு அவன் முதுகில் குத்தத் தொடங்கினாள். கத்தவில்லை. மாவு இடிக்கிற மாதிரி ஒரே சீராகக் குத்தினாள். அவன் நகரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தான். தேன் நிறம் தண்ணீரில் கொஞ்சம் நுரைத்துக்கொண்டு சுழன்று ஓட்டைக்குள் போனது.

"ஒண்ணு," என்றாள். குரல் மாறிவிட்டது. "ஒண்ணே ஒண்ணு வையிங்க, மாப்ள. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் கடைசிய வையிங்க."

சுகிர்தம் செத்தபின் அவள் அவனை மாப்ள என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அவன் கடைசிப் புட்டியையும் கவிழ்த்தான்.

"இனி இல்ல," என்றான். "கஸ்பர், வண்டிய எடு."

அவள் வெளியே போனாள். வானுக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள். மழையில் நனைந்த மண். தூற்றினால் பறக்காமல் கட்டியாக வந்து அவன் சட்டையில் ஒட்டியது.

"நீ நல்லாவே இருக்க மாட்ட. தண்ணி குடுக்க ஆளில்லாம கெடந்து சாவ. மூத்தவளத் தின்ன. இப்ப எளயவளயும் கேக்குதா ஒனக்கு? மாதாவே, நீ பார்த்துக்கிட்டுத்தானே இருக்க!"

"அம்மா, ஏறும்மா," என்று மார்கிரட் உள்ளிருந்து அழுதாள். "எனக்கு வயித்தப் பெரட்டுது. ஏறும்மா."

அவள் ஏறினாள். வேறு வழி இல்லை. வான் திரும்பி, நுவரெலியாப் பக்கம் மேலே ஏறிற்று. சத்தம் நிற்கும்வரை ஞானரட்ணம் அங்கேயே நின்றான்.

பழனியாண்டி புல்லோடு வந்தபோது அவன் தொட்டியருகே புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னாங்கய்யா இது?"

"கழுவணும்."

பழனியாண்டி ஒரு புட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தான். வைத்துவிட்டான்.

"நாளைக்குப் பெரியவரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"கைதவறி விழுந்திருச்சுன்னு சொல்லு."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

"ஒண்ணுகூட ஒடையலயேங்கய்யா."

ஞானரட்ணம் அடுத்த புட்டியைக் குழாயில் பிடித்தான். பழனியாண்டி பக்கத்தில் வந்து, கழுவிய புட்டிகளை வாங்கித் துணியில் கவிழ்த்தான். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு அது பெரிய காரியம்.

பேராசிரியர் வந்தார். காலிப் புட்டிகளைப் பார்த்தார். திட்டவில்லை. உனக்கு நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஞானரட்ணம் காலிப் புட்டிகளைத் தட்டில் அடுக்கினான். அவர் கூண்டுகளைச் சுற்றிப் பார்த்தார், இனிப் புது முயல்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். மாத முடிவில் வேறு ஆள் வருவான், அதுவரை இரு என்றார். போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதைச் செய்யாமலே போயிருக்கலாம்.

மார்கிரட் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. அதைச் சொல்ல கஸ்பர் வந்தான். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. கொட்டகைக்கு வெளியே ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் ஒரு நாள் வச்சிருந்தா இவளும் போயிருப்பாளாம். டாக்குட்டரு சொன்னாரு."

"ம்."

"அத்தை பேசுற பேச்சு கேக்க முடியலண்ணே. நீங்க மருந்தக் கொட்டுனத லயம் பூரா சொல்லியாச்சு. அந்தப் பக்கம் வந்திராதீங்க. பொம்பளைங்களே அடிச்சுப்புடுவாங்க."

"வரல."

கஸ்பர் புகையை விட்டான். முயல் ஒன்று கூண்டுக்குள் காலைத் தட்டியது.

"ஒண்ணு கேக்கணும்ணே. அந்த டாக்குட்டருகிட்ட நான் கேட்டேன், இதுக்கு ஏதோ சீரம் இருக்காமே, அதப் போட்டாக் கேக்குமான்னு. அவரு சிரிச்சாரு. காமாலைக்கு அப்பிடி ஒரு ஊசி ஒலகத்துலயே கெடையாதுன்னாரு." நிறுத்தினான். "அப்ப ஒங்க சீரம்?"

ஞானரட்ணம் அவனைப் பார்த்தான்.

"அத்தைகிட்ட சொன்னியா?"

"இல்ல. அவங்க வெளிய பெஞ்சுல தூங்கிட்டிருந்தாங்க."

"சொல்லாத."

"ஏண்ணே? ஒங்க பேரு கெட்டுக் கெடக்குதே. ஒரு வார்த்தை சொன்னா—" கஸ்பர் வாயைத் திறந்தபடியே நின்றான். லொறி அவனுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று சாக்குக் கட்டிலைத் தூக்க வந்த ஆட்களில் அவனும் ஒருவன். பீடியை மிதித்து அணைத்தான்.

"சரிண்ணே," என்றான்.

போகப் புறப்பட்டவன் திரும்பினான்.

"அக்கா கடைசியில மாதாவேன்னு கூப்பிட்டுச்சாம்ல. அத்தை எல்லாருகிட்டயும் சொல்லும். அத மட்டும் சொல்லும்போது அழுவாது."

"ஆமா," என்றான் ஞானரட்ணம்.

அந்தோனியம்மா சொல்வது லொறியில் நடந்தது. லொறியில் சுகிர்தம் எதுவும் பேசவில்லை. தலை அவன் மடியில்தான் இருந்தது. மூச்சு மட்டும் கரகரவென்று வந்து போயிற்று. தாய்க்கு அது மாதாவே என்று கேட்டிருந்தால் கேட்டதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அவள் பேசியது அதற்கு முன்னால். மத்தியானம், லயத்தில் அவள் கிடந்த காம்பரா அறையில்.

அவன் வந்து சேர்ந்ததைக் கண்டதும் அந்தோனியம்மா, "மாப்ள வந்துட்டாரு, மாப்ள வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு, ஊசியைக் கொதிக்கவைக்கச் சொல்ல டிஸ்பென்சரிக்கு ஓடிவிட்டாள். அவன் கையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பிய கதையை வாசலில் நின்றவர்கள் அவனுக்குச் சொன்னார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

காலையிலிருந்து நினைவில்லாமல் கிடந்தவளுக்கு அந்த நேரம் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். யாரென்று தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தெரிந்துகொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போக நின்ற லொறியை அம்மா அனுப்பிவிட்டாள், நான் சீரம் கொண்டுவருவேன் என்று அனுப்பிவிட்டாள் என்று சொன்னான். நான் கொண்டுவரவில்லை, அது மருந்தில்லை சுகிர்தம் என்றான். அதை அவளிடம் எதற்காகச் சொன்னான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. சொல்ல வேறு யாரும் இல்லை.

வெளியே, வழி விடுங்கடி, வழி விடுங்க என்று அந்தோனியம்மாவின் குரல் கேட்டது. பின்னால் செல்லசாமியின் செருப்புச் சத்தம்.

சுகிர்தம் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க."